தாக் மான்ஹோவின் நூறு நாள் காணிக்கை

சாம்கோரி சந்தையில் தாக் மான்ஹோவிடம் ஒரு தடவை வெண்கலக் கரண்டி வாங்கியவர்கள் இரண்டாம் தடவை வந்ததில்லை. கரண்டி அவ்வளவு உழைக்கும், அதனால்தான் என்பார் அவர். வாங்கின அன்றைக்கு விலையைக் கேட்டு வந்த நெஞ்சுவலி இன்னும் போகவில்லை என்பது எங்கள் ஊர்க்காரர்களின் கட்சி. எது எப்படியோ, ஐம்பத்தொரு வயதுக்குள் மனுஷன் ஓட்டுக்கூரை வீடு, அதற்குப் பின்னால் ஒரு களஞ்சியம், சட்டைக்கு மேலே போடும் அங்கியில் விலையுயர்ந்த அம்பர் பொத்தான் இரண்டு என்று சேர்த்துவிட்டார்.

பக்தியில் மட்டும் குறை சொல்ல முடியாது. ஞானஸ்நானம் வாங்கி ஏழு வருஷம் ஆகியும் ஒரு ஞாயிறு தவறியதில்லை. பாட்டு ஆரம்பித்தால் அவர் குரல்தான் கூரையைத் தூக்கும். காணிக்கைப் பை வந்தால் மூடின கை முழங்கை வரைக்கும் உள்ளே போகும், வெளியே வரும். சத்தம் மட்டும் வராது. அந்தரங்கத்தில் கொடுக்க வேண்டும் என்று வேதத்திலேயே இருக்கிறதே என்பார்.

அவருக்கு ஒரே ஒரு ஆசை. சபை மூப்பர் ஆக வேண்டும். பிரசங்க மேடைக்குப் பக்கத்துப் பாயில், எல்லாரும் பார்க்கிற மாதிரி உட்கார வேண்டும். வசந்தத்தில் தேர்தல். இந்த நேரம் பார்த்து, நாட்டு வைத்தியர் கில் சோங்கு சபைக்கு ஒரு மணி வாங்கிக் கொடுத்துத் தொலைத்தார். விடியற்காலை ஜெபத்துக்கு அந்த மணி அடிக்கிறபோதெல்லாம் மான்ஹோ காதைப் பொத்திக்கொள்வார். பதிலுக்கு ஏதாவது செய்ய வேண்டும். ஆனால் செலவாகக் கூடாது. இந்த இரண்டையும் சேர்த்து யோசித்து யோசித்து ஒரு மாதம் தூங்கவில்லை.

வழி தானாகவே வந்தது. எங்கள் பக்கத்துச் சபைகளில் காசில்லாதவர்கள் காசுக்குப் பதிலாகத் தங்கள் நாட்களைக் காணிக்கையாகப் போடுவார்கள். சீட்டில் பெயரையும் எத்தனை நாள் என்பதையும் எழுதிக் கொடுத்தால் போதும். அத்தனை நாளும் பிழைப்பை விட்டுவிட்டு, மூட்டையைத் தூக்கிக்கொண்டு, ஊர் ஊராகப் போய் சுவிசேஷம் சொல்ல வேண்டும். புது வருஷத்து வேதப் பாட வாரத்தில் போதகர் ஓக் அதற்கு அழைப்புக் கொடுத்தார். கூலிக்காரன் ஒருவன் மூன்று நாள் என்றான். தையல்காரி ஒருத்தி ஏழு நாள் என்றாள். அப்போது ஆண்கள் பக்கத்திலிருந்து பிள்ளைகள் திடுக்கிடும்படி ஒரு குரல் வந்தது.

"நூறு நாள்! எழுதிக்குங்க!"

எங்கள் ஆலயம் மூலைமட்டம் மாதிரி மடங்கியிருக்கும், ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம். ஒருவரையொருவர் பார்க்க முடியாது. பெண்கள் பக்கத்தில் யாருக்கோ புரையேறுகிற சத்தம் மட்டும் கேட்டது. அது மான்ஹோவின் மனைவி சின்தோக்.

வீட்டுக்கு வந்ததும் அவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"நூறா? நூறு நாளா?"

"ஏன் கத்தறே? நாள் என்ன நம்ம களஞ்சியத்துலேர்ந்தா போகுது? சூரியன் சும்மா குடுக்கறது. கில் மணிக்கு எவ்வளவு அழுதிருப்பான்! எனக்குக் காலணா செலவில்ல."

"கடைய யாரு பாக்கறது?"

"நீதான். விலைய மட்டும் குறைச்சிடாதே, உனக்குப் புண்ணியமாப் போகும்."

இருந்தாலும் மறுநாள் காலை கணுக்கால் அளவு பனியைப் பார்த்ததும் கொஞ்சம் சுருதி இறங்கியது. போதகர் வீட்டுக்குப் போய், தனக்குப் பதிலாக ஒரு ஆளைக் கூலிக்கு அனுப்பினால் கணக்கில் சேருமா என்று நைசாகக் கேட்டார்.

"ஏன் தாக் ஐயா, பரலோகத்துக்கும் கூலியாளத்தான் அனுப்பறதா உத்தேசமா?" என்று போதகர் சிரித்தார். மான்ஹோ சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து, முதுகில் மாட்டும் மரச்சட்டத்தில் கம்பளியைக் கட்டினார். அதற்கு அடியில் அறுபது வெண்கலக் கரண்டிகளையும் வைத்துக் கட்டினார். வாய் சுவிசேஷம் சொல்லட்டும், முதுகு ஏன் சும்மா இருக்க வேண்டும்?

முதல் ஊரிலேயே சிக்கல். சந்தைக்கு வராத மலை ஜனம், மரக்கரண்டியில் சாப்பிடுகிறவர்கள். வெண்கலத்தைப் பார்த்ததும் கண் விரிந்தது. பெரியவர் ஒருவர் இடுப்புத் துணியை அவிழ்த்துக் காசைக்கூட எடுத்துவிட்டார். சரி, வியாபாரம் படியட்டும், அதற்குள் ஒரு பக்கம் வாசித்துவிடுவோம் என்று மான்ஹோ சுவிசேஷப் புத்தகத்தைத் திறந்தார். பணக்காரன் ஒருவனிடம், இருப்பதை எல்லாம் விற்று ஏழைகளுக்குக் கொடு என்று இயேசு சொல்லுகிற இடம் வந்து தொலைந்தது. பெரியவர் காசை மறுபடி முடிந்துகொண்டார்.

"நல்லவேளை வாசிச்சீங்க ஐயா. எனக்கெதுக்கு வெண்கலம்? மரமே போதும்."

அடுத்த ஊரில் அந்த இடத்தைத் தாண்டிப் புரட்டினார். விரல் தடுமாறி, பெரிய களஞ்சியம் கட்டத் திட்டம் போட்ட ஐசுவரியவான் கதையில் போய் நின்றது. அங்கேயும் போணியாகவில்லை. அன்று சாயங்காலம் அவர் தங்கியிருந்த வீட்டில் தினைக் கஞ்சி மிஞ்சியது. மான்ஹோ அதைத் தொட்டு, அந்த இரண்டு இடத்தையும், பணக்காரனைக் குறை சொல்லுகிற இன்னொரு இடத்தையும் பக்கத்தோடு பக்கம் சேர்த்து அழகாக ஒட்டிவிட்டார். 'கிழிச்சாத்தானே பாவம்? ஒட்டத்தானே செஞ்சேன்? நூறு நாள் முடியட்டும், தண்ணியில நனைச்சுப் பிரிச்சிடறேன் ஆண்டவரே' என்று ஜெபமும் செய்துகொண்டார். அதற்குப் பிறகு சுவிசேஷமும் போனது, கரண்டியும் போனது. ஒன்றையொன்று இடிக்கவில்லை.

முப்பத்தெட்டாம் நாள் தோல்கோல் என்கிற மலைக்குடிசை ஊரில் பனி அவரைப் பிடித்துக்கொண்டது. ஆறு வீடு. கரி சுட்டுப் பிழைக்கிறவர்கள். பனி விடுகிற வரைக்கும் அவர் தங்கினது புன்னே என்கிற விதவை வீட்டில், அவளுடைய மாமனாருக்குப் பக்கத்தில். புன்னேக்கு நாற்பது வயது இருக்கும். கறுத்த கை, துறுதுறுத்த கண். அவள் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்லி மாளாது.

வெளியே போக வழியில்லை, பொழுதும் போகவில்லை. மான்ஹோ ஊராருக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார். அடுப்புச் சாம்பலைப் பரப்பி அதில் குச்சியால் எழுதி எழுதி, நாலே நாளில் புன்னே படித்துவிட்டாள். ஆறு வீட்டிலுமாகப் பன்னிரண்டு பேர் விசுவாசிக்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். பேய்க்குப் பயந்து கூரை மூலையில் கட்டித் தொங்கவிட்டிருந்த பேய்த்தாளைத் தாங்களாகவே அவிழ்த்து அடுப்பில் போட்டார்கள். மான்ஹோவுக்குத் தலைகால் புரியவில்லை. பன்னிரண்டு பேர்! கில்லுடைய மணி நாள் முழுக்க அடித்தாலும் ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு வருமா? மூப்பர் பாய் கண் முன்னால் விரிந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் இரவுச் சாப்பாட்டின்போது கொஞ்சம் அளந்தும் விட்டார். இருக்கிற களஞ்சியம் போதவில்லை, இலையுதிர் காலத்தில் அதை இடித்துவிட்டு இன்னொன்று பெரிதாக, ஓடு போட்டுக் கட்டப் போகிறேன் என்றார். வாய் சும்மா கிடக்குமா?

மறுநாள் புன்னே வாசித்துப் பழகப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

"அண்ணே, இந்த ஏடு ஏன் இவ்வளவு தடியா இருக்கு?"

"ஈரம் பட்டிருக்கும். அத விடு, அடுத்ததப் படி."

"சரிண்ணே" என்றாள். சொன்னபடி கேட்கிற பெண் என்று நினைத்து மான்ஹோ விறகு பிளக்கப் போனார். அவர் திரும்பி வந்தபோது உருளைக்கிழங்குப் பானையிலிருந்து ஆவி பறந்துகொண்டிருந்தது. ஆவிக்கு மேலே புத்தகம். பன்னிரண்டு பேரும் சுற்றிலும் உட்கார்ந்திருந்தார்கள். பிரிந்த ஏட்டைப் புன்னே எழுத்துக் கூட்டிக் கூட்டி வாசித்து அப்போதுதான் முடித்திருந்தாள். எல்லாரும் மான்ஹோவையே பார்த்தார்கள். கோபமாகப் பார்த்திருந்தால் சமாளித்திருப்பார். அந்தப் பார்வையில் இருந்தது இரக்கம்.

"அண்ணே" என்றாள் புன்னே மெதுவாக. "இதுல ஒரு பணக்காரர் வர்றாரு. வெளைச்சல் ஜாஸ்தியாயிடுச்சுன்னு களஞ்சியத்த இடிச்சிட்டுப் பெருசாக் கட்டப் போறேங்கறாரு."

"ம்."

"அன்னிக்கு ராத்திரியே உயிரு போயிடும்னு கடவுள் சொல்லிடறாரு."

"ம்."

"நேத்து நீங்களும் கட்டப் போறேன்னு சொன்னீங்களேண்ணே."

புன்னேயின் மாமனார் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார். "ஐயையோ, பொழுது வேற சாயுதே!"

"என்ன பெரியவரே, பைத்தியமா? அது உவமை! சும்மா சொன்ன கதை!" என்று மான்ஹோ பதறினார்.

"கதையா?" புன்னே புருவத்தைத் தூக்கினாள். "அப்ப செத்தவரு மூணாம் நாள் எழுந்தாருன்னு சொன்னீங்களே, அது?"

"அது நெசம்."

"எது கதை, எது நெசம்னு நாங்க எப்படிண்ணே கண்டுபிடிக்கறது? ஒட்டினதெல்லாம் கதை, ஒட்டாததெல்லாம் நெசமா?"

மான்ஹோ வசமாக மாட்டிக்கொண்டார். வெறும் கதை என்று அடித்துச் சொன்னால் பன்னிரண்டு பேரும் எழுந்து போய்ப் புதுப் பேய்த்தாள் கட்டிவிடுவார்கள். மூப்பர் பாயும் அதோடு சுருண்டுவிடும். நிஜம் என்று சொன்னால் அவர் இன்று இரவு சாக வேண்டும். புன்னே நிஜமாகவே பயப்படுகிறாளா, ஆளை வைத்து விளையாடுகிறாளா என்று முகத்தைப் பார்த்தார். அந்த முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை. எங்களுக்கும் இன்று வரை தெரியாது.

மற்ற பதினோரு பேருக்குச் சந்தேகமே இல்லை. அவர்கள் வாழ்க்கையில் பார்த்த முதல் பணக்காரர் மான்ஹோதான். அவரைப் பிடித்து, அடியில் அடுப்புச் சூடு ஓடித் தரை நன்றாகச் சுடுகிற இடத்தில், வழக்கமாகக் கிழவர் படுக்கிற இடத்தில் படுக்க வைத்தார்கள். இரண்டு பஞ்சுப் போர்வையை எடுத்து மேலே போட்டார்கள். தின்ன ஆசையாக ஏதாவது உண்டா என்று கேட்டார்கள். பிறகு சுற்றி உட்கார்ந்து, எல்லாரும் ஒரே நேரத்தில் உரக்க ஜெபிக்க ஆரம்பித்தார்கள். "ஆண்டவரே, இந்தப் பாவப்பட்ட மனுஷன விட்டுடும்! பணத்த வச்சிட்டு என்ன செய்யறதுன்னு தெரியாம முழிக்கிறாரு!" சாம்கோரியிலேயே பெரிய பணக்காரரைப் பார்த்து, கிழங்கு தின்று பிழைக்கிறவர்கள் பாவப்பட்ட மனுஷன் என்கிறார்கள்! மான்ஹோவுக்கு முதலில் எரிச்சல் வந்தது. பிறகு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. ஆளுக்கு ஒரு தடவை குனிந்து அவர் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தார்கள். நாலாவது விரல் வந்தபோது படபடப்பு முற்றி, சாவு நிஜமாகவே வாசலில் வந்து நிற்கிறது என்று நம்பிவிட்டார்.

"கரண்டி!" என்று எழுந்து உட்கார்ந்தார். "கம்பளிக்கடியில நாப்பத்தி மூணு கரண்டி இருக்கு. எடுத்துக்குங்க. எல்லாத்தையும் எடுத்துக்குங்க."

"எங்களுக்கெதுக்குண்ணே? நீங்க பொழைச்சாப் போதும்."

"எடுத்துத் தொலைங்கம்மா! கெஞ்சிக் கேக்கறேன்!"

கடன்காரன் காலில் விழுகிற மாதிரி கெஞ்சி, வீடு வீடாகப் பங்கு போட வைத்தார். அம்பர் பொத்தானையும் பிய்க்கப் போனார். "அது இருக்கட்டும்ணே, குளிரும்" என்று புன்னே கையைப் பிடித்தாள். விடிகிற வரைக்கும் ஒருவர்கூட எழுந்து போகவில்லை. அவர் மட்டும் கடைசியில் அழுதபடியே தூங்கிவிட்டார்.

காலையில் குறட்டை கேட்டு ஊரே ஆர்ப்பரித்தது. கரண்டியைக் கொடுத்ததால் கடவுள் விட்டுவிட்டார் என்று முடிவு கட்டினார்கள். காய்ந்த முள்ளங்கிக் கீரை சூப்பைப் புதுக் கரண்டியால் குடித்தார்கள். பனி விட்டதும் மான்ஹோ அடுத்த ஊருக்குப் போனார். முதுகில் கம்பளி மட்டும் இருந்தது. நூறில் அறுபது நாள் முடிந்திருந்தபோது மூப்பர் தேர்தல் வந்தது. ஊர் திரும்பினார். கரண்டி விற்றதையோ, கரண்டி கொடுத்ததையோ, பசையையோ பற்றி ஒருவரிடமும் மூச்சு விடவில்லை.

தேர்தல் ஞாயிறு அன்று பாட்டு முடிகிற நேரத்தில் கதவு திறந்தது. தோல்கோல் ஆட்கள் பன்னிரண்டு பேரும் நடந்தே வந்திருந்தார்கள். இடுப்பில் ஆளுக்கு ஒரு வெண்கலக் கரண்டி மினுங்கியது. மான்ஹோ முன்னால் இருந்தவர் முதுகுக்குப் பின்னால் குனிந்துகொண்டார். போதகர் சந்தோஷப்பட்டு, சாட்சி சொல்ல யாராவது எழுந்திருங்கள் என்றார். வேறு யார் எழுந்திருப்பார்கள்? புன்னேதான்.

"தாக் அண்ணந்தான் எங்களுக்கு எழுத்துச் சொல்லிக் குடுத்தாரு. வெண்கலக் கரண்டி நாப்பத்தி மூணு சும்மா குடுத்தாரு."

பெண்கள் பக்கத்திலிருந்து சின்தோக்கின் குரல் நன்றாகவே கேட்டது. "யாரு? எங்க வீட்டுக்காரரா? வேற யாராச்சும் இருக்கும்மா, நல்லாப் பாத்துச் சொல்லு."

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. புன்னே விடவில்லை. அண்ணன் எங்கள் வீட்டில் மறந்துவிட்டுப் போனது என்று சுவிசேஷப் புத்தகத்தைப் போதகர் கையில் கொடுத்தாள். போதகர் புரட்டினார். மூன்று இடத்தில் நின்றார். காய்ந்த பசையை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். அந்த மூன்று இடமும் என்னென்ன என்று அவருக்குத் தெரியாதா?

"இது எப்படி ஒட்டுச்சு?"

மான்ஹோ கண்ணை மூடிக்கொண்டார்.

"மழைல நனைஞ்சிடுச்சு ஐயா" என்றாள் புன்னே. கண் இமைக்கவில்லை.

தப்பித்தார். சுற்றிலும் தலைகள் அவர் பக்கம் மரியாதையாகத் திரும்பின. வைத்தியர் கில்லே எட்டிப் பார்த்துத் தலையசைத்தார். பாய் இதோ, கைக்கெட்டும் தூரத்தில். ஆனால் ஆலயத்துக்குள் முதல் தடவையாகக் கால் வைத்தவள், வைத்தவுடனே தனக்காக ஒரு பொய் சொல்லிவிட்டாள் என்பது மான்ஹோவின் தொண்டையில் மீன்முள் மாதிரி சிக்கிக்கொண்டது. விழுங்கிப் பார்த்தார். இறங்கவில்லை. எழுந்து நின்றார்.

"மழையெல்லாம் இல்லீங்க. நாந்தான் ஒட்டினேன். கரண்டி விக்கத்தான் ஒட்டினேன். அந்தப் பக்கத்த வாசிச்சா ஒருத்தனும் வாங்க மாட்டேங்கறான். சும்மா குடுத்தது தர்மத்துக்கில்ல, செத்துடுவேனோங்கற பயத்துல. அந்த அம்மா பொய் சொல்லிட்டாங்க. அத எம் பேர்ல எழுதிக்குங்க."

பிறகு போதகர், "எதால ஒட்டினீங்க?" என்று கேட்டார்.

"தினைக் கஞ்சி. அரிசின்னா விலை ஜாஸ்தி."

போதகர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுதாரா சிரித்தாரா என்று எங்களுக்குள் இன்னும் சண்டை நடக்கிறது.

சீட்டுப் போட்டார்கள். மலைக்காரர்களுக்கு இன்னும் ஞானஸ்நானம் ஆகாததால் ஓட்டு இல்லை. கில் சோங்கு மூப்பர் ஆனார். மான்ஹோவுக்கு விழுந்தது ஒன்பது. போதகர் அவரைக் கூப்பிட்டு, இப்போது என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டார். இன்னும் நாற்பது நாள் பாக்கி இருக்கிறதே, போட்டது போட்டதுதான் என்றார் மான்ஹோ. முகம் தொங்கித்தான் போயிருந்தது. ஆசை ஒரு நாளில் சாகுமா என்ன?

வீட்டுக்குப் போகிற வழியில் சின்தோக், வழக்கம்போல நாலடி பின்னால் நடந்து வந்தாள். பாலம் தாண்டினதும் கேட்டாள்.

"நெசமாவே செத்துடுவோம்னு பயந்தீங்களா?"

"பயந்தேன்."

"கரண்டி போச்சேன்னு இருக்கா?"

"இருக்கு." நாலு எட்டு நடந்தார். "ஆனா அது இல்ல சின்தோக். பன்னெண்டு பேரு. யாரு பெத்த புள்ளையோ நானு. ராத்திரி பூரா ஒருத்தரும் கண்ண மூடல. மூச்சு வருதா வருதான்னு விரல வச்சு வச்சுப் பாத்தாங்க. அம்பத்தொரு வருஷத்துல எனக்கு மூச்சு வருதான்னு யாரு பாத்தா? நம்ம வீட்டுல நான் சாகக் கெடந்தா யாரு அப்படி உக்காந்திருப்பா, சொல்லு?"

பின்னால் காலடிச் சத்தம் நின்றது.

"நான் உக்காந்திருப்பேன்" என்றாள் சின்தோக். "நீங்கதான், எண்ணெய் வீணாப் போகுது, விளக்க அமத்திட்டுப் போய்ப் படுடின்னு சொல்லியிருப்பீங்க."

மான்ஹோ நடுத்தெருவில் நின்றுவிட்டார். இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். பிறகு, அவள் அந்த நாலடியும் நடந்து பக்கத்தில் வருகிற வரைக்கும் காத்து நின்றார்.